பல்கலைக்கழக மூடுலைக் கிளவுடுக்கு மாற்றப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்

2023 ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை. அரியர் மாணவர்களுக்குக் காலை 10 மணிக்கு இணையத் தேர்வு. மணி பத்தைத் தாண்டியும் 120 பேரின் திரையில் "இந்தத் தேர்வு 10:00 மணிக்குத் திறக்கும்" என்றே நின்றது. 10:05-க்கு அடிக்க ஆரம்பித்த என் கைபேசி பதினொரு மணி வரை ஓயவில்லை. முந்தைய நாள் மாலைதான், பாடங்களும் இணையத் தேர்வுகளும் நடக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் மூடுல் தளத்தைக் கிளவுடுக்கு (இணையம் வழி வாடகைக்கு எடுக்கும் சர்வருக்கு) மாற்றி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தேன்.

அன்று காலை நடந்ததைப் பிறகு சொல்கிறேன். இதே வேலையைக் கையில் எடுக்கப்போகும் கணினி மையத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். லினக்ஸும் மூடுல் நிர்வாகமும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏன் மாற்றினோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளாகத்துக்குள் ஒரே சர்வர். உள்மதிப்பீட்டுத் தேர்வு நாளில் சில நூறு பேர் ஒன்றாக நுழைந்தால் திணறும். பாடக் குறிப்பைப் படிப்பவர்களால் பெரிய சுமை இல்லை. தேர்வு எழுதும்போதுதான் ஒவ்வொருவருடைய விடையும் நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கப்பட்டுத் தரவுத்தளம் மூச்சு வாங்கும். ஐப்பசி மழையில் மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, ஒரு தேர்வு பாதியில் நின்றது. மறுநாளே துணைவேந்தர் "மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கோப்பில் கையெழுத்து வர நான்கு மாதம் ஆனது.

நிதிப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி: "இது பொருளா, சேவையா சார்? இருப்புப் பதிவேட்டில என்னன்னு ஏத்துறது?" சர்வர் வாடகை மாதிரி என்றேன். "அப்போ மாசம் எவ்வளவு?" பயன்பாட்டைப் பொறுத்து மாறும் என்றதும் எழுத்தர் கோப்பை மூடி ஓரமாக வைத்தார். தொகை தெரியாத பில்லுக்கு நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர், அது எனக்கும் புரிகிறது. ஆனால் மூன்று வாரம் அதே மேஜையில் இருந்த கோப்பை, கேட்கும்போதெல்லாம் "மேல போயிருக்கு" என்று சொல்லி அனுப்பினாரே, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. ஒரு வரியில் இது வேண்டும் என்று எழுதியிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன்.

பிறகு பதிவாளரின் கையெழுத்தோடு 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தலைமை வளாகத்துக்கு நேரிலேயே போனேன். கணக்குத் தலைப்பு தவறு என்று திருப்பிவிட்டார்கள். "உபகரணங்கள் வாங்குதல்" என்று போட்டிருந்தோம். கிளவுடில் உபகரணம் எதுவும் நம் கைக்கு வருவதில்லை. அடுத்த முறை தலைப்பைச் சரிசெய்து கொண்டுபோனால், மதிப்பீட்டில் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்க்கவில்லை. மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டியதாயிற்று. இது முழுக்க என் கவனக்குறைவு. நீங்கள் முதல் வரைவிலேயே சேர்த்துவிடுங்கள்.

கடைசியில் வழி காட்டியவர் அதே பிரிவின் கண்காணிப்பாளர் அம்மா. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது அவருக்கு. கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, "தம்பி, சேவை ஒப்பந்தம்னு போடுங்க. வருஷத்துக்கு ஒரு உச்ச வரம்பு குறிங்க. அதைத் தாண்டாம பார்த்துக்குவோம்னு உங்க மையமே எழுதிக் குடுக்கட்டும்" என்றார். நான்கே நாளில் கோப்பு நகர்ந்தது. கூடவே இரண்டு விஷயம். பில் டாலரில் வரக்கூடாது, கிரெடிட் கார்டும் கேட்கக்கூடாது. எங்கள் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டுமே நடக்காது. ரூபாயில் பில் போடும் விற்பனைக் கூட்டாளி ஒருவரை அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தின் வழியாக எடுத்தோம். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அங்கீகரித்த கிளவுட் நிறுவனங்களின் பட்டியலையும் அச்செடுத்துக் கோப்பில் இணைத்துவிடுங்கள். யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்.

தொழில்நுட்ப வேலையில் முதல் அறிவுரை: வீடு மாறும் நாளிலேயே வீட்டைப் புதுப்பிக்காதீர்கள். எங்களிடம் இருந்தது மூடுல் 3.9. புதிய சர்வரில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸைப் போட்டால், அதோடு வரும் பிஎச்பி 8.1-இல் (மூடுல் எழுதப்பட்ட நிரல்மொழி) 3.9-ஐ ஓட்ட முடியாது. பிஎச்பி 7.4 மட்டும் மூடுல் 3.9, 4.1 இரண்டுக்கும் பொருந்தும். ஆகவே பழைய சர்வரிலேயே பிஎச்பி 7.4 வைத்து 4.1-க்கு உயர்த்தி, ஒரு மாதம் ஓடவிட்டு, பிறகு இடம் மாற்றினோம். ஏதாவது உடைந்தால் காரணம் பதிப்பா, இடமா என்ற குழப்பம் வரவில்லை. இதை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்தோம்.

கோப்புகளை நகர்த்துவதும் பயந்த அளவுக்கு இல்லை. மூடுல் ஒவ்வொரு கோப்பையும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஷா-1 குறியீட்டைப் பெயராக்கி, ஃபைல்டிர் என்ற கோப்புறையில் வைக்கிறது. ஒரே பிடிஎஃப்பை நாற்பது ஆசிரியர்கள் ஏற்றினாலும் வட்டில் ஒரு பிரதிதான் இருக்கும். உள்ளே போன கோப்பு பிறகு மாறாது. அதனால் தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து முதல் நகலை எடுத்துவிட்டு, கடைசி இரவில் புதிதாக வந்தவற்றை மட்டும் சேர்க்கலாம். எங்களுடையது ஒரு டெராபைட்டைத் தாண்டியிருந்தது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு டெராபைட் போக, துளி தடங்கல் இல்லாவிட்டாலும் 22 மணி நேரம் ஆகும். பார்த்தால் பாதிக்குப் பாதி, யாரும் தொடாத பழைய தானியங்கிப் பாட பேக்கப். முதலில் அவற்றை நீக்குங்கள். நீக்கியதும் வட்டில் இடம் காலியாகிவிடாது; கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) துப்புரவு ஓடி முடிய வேண்டும், சில நாள் முன்னதாகவே செய்யுங்கள். நகல் எடுக்கும் ஸ்கிரிப்டில் ஃபைல்டிர் மட்டும் போதும் என்று எழுதினேன். அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

தரவுத்தளத்தை முதல் ஒத்திகையில் ஏற்றியதும் எல்லாம் சரியாகவே தெரிந்தது. தமிழ் எழுத்துகள் வந்தன, மதிப்பெண்கள் வந்தன. கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சும்மா பார்க்கச் சொன்னோம். கால் மணி நேரத்தில் அழைத்தார்: "என் வினா வங்கியில் குறியீடெல்லாம் கேள்விக்குறியா இருக்கே?" வேர்டிலிருந்து ஒட்டிய சாய்வான கணித எழுத்துகளுக்கு, எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் நான்கு பைட் தேவை. தமிழ் எழுத்துக்கு மூன்று போதும். எங்கள் பழைய தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 5.7-இல், டம்ப் (முழு நகல்) எடுக்கும் கட்டளைக்கு எழுத்து வகை எதுவும் சொல்லாவிட்டால் மூன்று பைட் வரைதான் கொண்டுபோகும். அதனால் தமிழ் தப்பியது, கணிதம் போனது. கட்டளையில் யுடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டு மறுபடி எடுத்தோம். அந்தப் பேராசிரியரைக் கேட்காமல் விட்டிருந்தால், செமஸ்டர் தொடங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும். ஒத்திகையைத் துறைக்கு ஒருவரிடமாவது காட்டுங்கள். கணிதத்தையும் மொழித் துறைகளையும் விடவே விடாதீர்கள்.

ஒத்திகைத் தளத்தில் கிரானை ஓடவிடும் முன், கான்ஃபிக் கோப்பில் 'நோஇமெயில்எவர்' என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். உள்ளே இருப்பவை உண்மையான மாணவர்களின் முகவரிகள். ஒத்திகைத் தளம் அவர்களுக்கு நள்ளிரவில் அறிவிப்பு அனுப்பினால் விளக்கம் சொல்லி மாளாது.

நுழைவுதான் அடுத்த தலைவலி. ஊழியர்களின் கடவுச்சொற்கள் பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் வளாகத்து எல்டாப் சர்வரில் இருந்தன. ஃபயர்வாலைப் பார்ப்பவர்கள், கிளவுட் சர்வரின் ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் எல்டாப்புக்கான 636-ஆம் போர்ட்டை (இணைப்பு வாசலை) திறந்தார்கள். பாதுகாப்புக்கு அதுதான் சரி. நினைவகத்தைக் கூட்டுவதற்காக ஒரு நாள் சர்வரை நிறுத்தித் தொடங்கினேன். வெளி முகவரி மாறிவிட்டது. மறுநாள் காலை ஓர் ஆசிரியர்கூட உள்ளே நுழைய முடியவில்லை. நிலையான முகவரியை முதல் நாளே எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகுதான் ஃபயர்வால் விண்ணப்பம்.

மின்னஞ்சலுக்கும் அதே கதி. பெரிய கிளவுட் நிறுவனங்களில் புதுக் கணக்கில் அஞ்சல் அனுப்பும் 25-ஆம் போர்ட் வெளியே திறந்திருக்காது. நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் சேவையை எடுத்தாலும், ஆரம்பத்தில் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும்தான் போகும். கட்டுப்பாட்டை நீக்க விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். முதல் விண்ணப்பத்தில் "அறிவிப்புகள் அனுப்ப" என்று ஒரு வரி எழுதினேன், திருப்பிவிட்டார்கள். யாருக்கு, நாளைக்கு எத்தனை, திரும்பி வரும் அஞ்சலை என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிய பிறகுதான் கிடைத்தது.

கடைசி வாரயிறுதி. வெள்ளி இரவு பழைய தளத்தை, மாணவர்கள் நுழைய முடியாத பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோனோம். சனி முழுக்க நகல். ஞாயிறு மதியம் டிஎன்எஸ் மாற்றம், அதாவது தளத்தின் பெயரைப் புதிய சர்வரின் முகவரிக்குத் திருப்புவது. டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் (பழைய முகவரி மற்ற கணினிகளின் நினைவில் நிற்கும் நேரம்) 86,400 வினாடி, அதாவது ஒரு முழு நாள். அதை 300 ஆகக் குறைக்க இரண்டு நாள் முன்பே கேட்டிருந்தேன். பார்ப்பவர் விடுப்பில் போயிருந்தார், அவருடைய கடவுச்சொல் வேறு யாரிடமும் இல்லை. விளைவு, திங்கள் மதியம் வரை சிலருக்குப் பழைய சர்வரே திறந்தது. அது பராமரிப்பு நிலையிலேயே இருந்ததால் யாரும் அங்கே விடைத்தாளை ஏற்றித் தொலைக்கவில்லை. பழைய சர்வரை அந்த நிலையிலிருந்து எடுக்காமல் வைத்ததற்கு என் இளைய சகா ஒருவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். "அண்ணா, அது அப்படியே இருக்கட்டும்" என்று பிடிவாதமாகச் சொன்னவர் அவர்தான்.

சரி, அந்தத் திங்கட்கிழமை. பத்து மணிக்குத் திறக்கும் என்று திரை சொல்கிறது, கடிகாரத்தில் மணி பத்தேகால். கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) பிரச்சினை என்று நினைத்துக் காலி செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. கிரான் ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடுகிறது. பிறகு ஒரு மாணவி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், பாடப் பக்கத்தின் ஓரத்தில் கடைசியாக வந்த அறிவிப்பின் நேரம் கண்ணில் பட்டது: அதிகாலை 4:40. அப்போதுதான் விளங்கியது. கிளவுட் சர்வர்கள் பொதுவாக யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வருகின்றன, நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். எங்கள் மூடுலில் நேர மண்டலம் "சர்வரின் இயல்பு நேரம்" என்றே இத்தனை ஆண்டு இருந்திருக்கிறது. பழைய சர்வர் இந்திய நேரத்தில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பேராசிரியர் ஞாயிறு மாலை புதிய தளத்தில் அமைத்த 10 மணித் தேர்வு, உண்மையில் பிற்பகல் 3:30-க்குத்தான் திறக்கும்.

நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவசரப்பட்டு எல்லாத் தேர்வு நேரத்தையும் ஐந்தரை மணி நகர்த்திவிடாதீர்கள். மூடுல் நேரத்தை உலகப் பொது வினாடிக் கணக்கில் சேமிக்கிறது. இடம் மாறும் முன் அமைத்த தேர்வுகள் மண்டலத்தைத் திருத்தியதும் தாமே சரியாகிவிடும். மாறிய பிறகு அமைத்தவை மட்டும்தான் தவறு. ஞாயிறு மதியத்துக்குப் பின் திருத்தப்பட்டவற்றைத் தரவுத்தளத்தில் தேடி எடுத்தோம். ஏழு இருந்தன, கையால் மாற்றினோம். அந்த 120 பேரும் 11:15-க்கு எழுதத் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குப் பிரவுசிங் சென்டர் வாடகை கொடுத்து உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், "சார், இன்னொரு மணி நேரத்துக்குக் காசில்லை" என்று அழைத்தான். அவனுக்கு மட்டும் மறுநாள் தேர்வு வைக்க அந்தப் பேராசிரியர் ஒத்துக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

அடுத்த வாரம் தொலைநிலைக் கல்வி மாணவர் ஒருவர் அழைத்து, "சார், தளம் இங்கிலீஷுக்கு மாறிடுச்சு" என்றார். நாங்கள் எல்லோரும் ஆங்கில இடைமுகத்திலேயே சோதித்திருந்தோம். தமிழ் மொழித் தொகுப்பு ஃபைல்டிரில் இருப்பதில்லை. மூடுலின் தரவுக் கோப்புறையான மூடுல்டேட்டாவுக்குள் 'லாங்' என்ற தனிக் கோப்புறையில் இருக்கிறது. என் ஸ்கிரிப்ட் அதைத் தொடவே இல்லை. தொகுப்பை மறுபடி இறக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் எங்கள் தமிழ்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர், அந்தத் தொகுப்பின் சொற்களைக் கிராமத்து மாணவர்களுக்குப் புரியும் சொற்களாக ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து மாற்றித் தந்திருந்தார். அப்படி மாற்றியவை 'லோக்கல்' என்று முடியும் இன்னொரு கோப்புறையில் சேமிக்கப்படும். அதை எந்தத் தளத்திலிருந்தும் இறக்க முடியாது.

பழைய சர்வரை அந்த வெள்ளிக்கிழமை துடைத்து ஆய்வகத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. வியாழன் மாலை நானே போய்த் திறந்தேன். கோப்புறை இருந்தது. நகலெடுத்துப் புதிய தளத்தில் வைத்து, கேஷைக் காலி செய்து, பக்கத்தைத் திறந்தேன். "விடைத்தாளை ஒப்படை" என்ற பொத்தான் பழைய இடத்தில் இருந்தது. அந்தப் பேராசிரியைக்கு உடனே அழைத்துச் சொன்னேன். ஆய்வகத்துக்காரர்களிடம், அடுத்த செமஸ்டர் முடியும் வரை அந்தச் சர்வரைத் தர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.