மூன்று வாரத்தில் திரும்பி வந்த சிறுநீர்த் தொற்று: எங்கள் பூனையின் சிகிச்சை அனுபவம்

எங்கள் பூனை சின்னிக்கு 12 வயது. லிட்டர் பெட்டியைத் தவிர வேறு இடத்தை ஒருநாளும் நனைத்தறியாதவள் குளியலறைத் தரையில் போய்க் குந்தத் தொடங்கியபோது, வயதாகிவிட்டதால் வந்த தடுமாற்றம் என்றே நான் எண்ணினேன். அன்று மாலை அவள் பின்னாலேயே இருந்து கவனித்தேன். பெட்டிக்குள் போவாள், மணலைத் தோண்டுவாள், வாலைத் தூக்கிக் குந்தியபடி அரை நிமிடம் அசையாமல் இருப்பாள். பிறகு ஒன்றும் மூடாமல் வெளியே வந்து அடிவயிற்றை நக்குவாள். ஐந்து நிமிடத்தில் மீண்டும் உள்ளே போவாள். குளியலறையின் வெள்ளைத் தரையில் இரண்டே சொட்டு கிடந்தது. வெள்ளைத் துணியில் ஒற்றி வெளிச்சத்தில் பார்த்தால் அது வெளிறிய ரோஜா நிறமாக இருந்தது.

இந்த அறிகுறிகள் ஓர் ஆண் பூனையிடம் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அது அடைபட்டுப்போனால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாட்களுக்குள் இதயமே நின்றுவிடும். முக்குகிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை என்றால் அந்த நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். சின்னி பெண் பூனை என்பதாலும், சொட்டுச் சொட்டாகவேனும் போய்க்கொண்டிருந்ததாலும் நாங்கள் மறுநாள் காலையில் சென்றோம்.

முதலில் பார்த்த மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, சிறுநீர்த் தொற்று என்று சொல்லி, செஃபோவெசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பினார். ஒருமுறை போட்டால் ஏறக்குறைய 14 நாட்கள் உடலில் வேலை செய்யும் மருந்து அது. மாத்திரைக்காகப் பூனையோடு போராட வேண்டியதில்லை என்று கேட்டதும் எனக்கு அப்போது நிம்மதியாகவே இருந்தது. சிறுநீரைச் சோதிக்கவில்லையே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் இரத்தம் நின்றது, ஒரு வாரத்தில் பழைய சின்னியாகிவிட்டாள். மூன்று வாரம் கழித்து, அதே குளியலறைத் தரையில், அதே இரண்டு சொட்டு.

இரண்டாவதாக நாங்கள் போன மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, சென்ற முறை கல்ச்சர் பரிசோதனையில் (சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, அது எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பது) என்ன கிருமி வந்தது என்பதுதான். பரிசோதனையே செய்யவில்லை என்று நான் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பழைய கிருமியே முழுமையாக அழியாமல் மீண்டும் தலைதூக்கியிருக்கிறதா, அது அழிந்து புதிதாக வேறொன்று வந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும் என்றும், முதல் முறை எடுத்திருக்க வேண்டிய அந்த ஒரு மாதிரி இல்லாததால் அதை இனி யாராலும் சொல்ல முடியாது என்றும் விளக்கினார். நான் இன்றுவரை வருந்துவது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். மருந்து உள்ளே போவதற்கு முன்பு மாதிரியை எடுத்துவிட வேண்டும். போன பிறகு எடுத்தால், கிருமி இருந்தும் இல்லாததுபோல் முடிவு வரக்கூடும்.

லிட்டர் பெட்டியிலிருந்து சேகரித்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அதில் மணலிலும் ரோமத்திலும் உள்ள கிருமிகள் சேர்ந்துவிடும், கல்ச்சருக்கு அது பயன்படாது என்றார். வயிற்றின் வழியாக ஊசியைச் செலுத்தி நேரே சிறுநீர்ப்பையிலிருந்து எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. நடந்தது என்னவோ மிக எளிது. சின்னியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, நான் தலையைப் பிடித்துக் காதருகே பேசிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் திரையில் சிறுநீர்ப்பை ஒரு கருப்புக் குமிழ்போல் தெரிந்தது. அதன் சுவர் தடித்திருப்பதைச் சுட்டிக்காட்டினார், கல் ஏதும் இல்லை என்றார். பிறகு மெல்லிய ஊசி அந்தக் கருப்புக்குள் ஒரு வெள்ளைக் கோடாக நுழைவதைப் பார்த்தேன். இரத்தம் எடுத்தபோது சீறிய அளவுக்குக்கூட அவள் இதற்குச் சீறவில்லை. சிரிஞ்சில் ஏறிய சிறுநீர் கலங்கலாக இருந்தது. அதே வேளையில், பூனைச் சிறுநீருக்குரிய அடர் மஞ்சள் இல்லாமல் வெளிறியும் இருந்தது.

அந்த வெளிறிய நிறத்தில்தான் மூல காரணம் இருந்தது. தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், நலமாக உள்ள பூனையின் சிறுநீர் பொதுவாக 1.035-க்கு மேல் இருக்கும், சின்னியுடையது 1.018. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் இரத்தத்தில் கூடியிருந்தது. அதாவது, அவளுடைய சிறுநீரகங்கள் மெல்லத் தளரத் தொடங்கியிருந்தன. பூனையின் சிறுநீர் இயல்பிலேயே மிகவும் செறிவானது. அதில் பாக்டீரியா எளிதில் பெருகாது. இளம் பூனைகள் இப்படி முக்கினால் பெரும்பாலும் அதற்குக் காரணம் பாக்டீரியா அல்ல, மன உளைச்சலோடு தொடர்புடைய சிறுநீர்ப்பை அழற்சி என்றும், அது ஒரு வாரத்தில் தானே அடங்கிவிடுவதால் அதற்குள் கொடுத்த ஆன்டிபயாட்டிக் வேலை செய்ததாகத் தோன்றிவிடுகிறது என்றும் மருத்துவர் சொன்னார். சிறுநீரக நோய், சர்க்கரை நோய், தைராய்டு மிகை ஆகியவை உள்ள முதிய பூனைகளின் கதை வேறு. இவற்றில்தான் உண்மையான தொற்றைக் கூடுதலாகக் காண முடிகிறது.

நுண்ணோக்கியில் வெள்ளணுக்களும் குச்சி வடிவப் பாக்டீரியாவும் தெரிந்தபோதிலும், அவர் உடனே மருந்தைத் தொடங்கவில்லை. ஒருமுறை குறி பார்க்காமல் எறிந்தாகிவிட்டது, இம்முறை பார்த்து எறிவோம் என்றார். கல்ச்சர் முடிவு வர மூன்று நாட்கள். அதுவரை வலிக்கு ஈறின் ஓரத்தில் விடும் பியூப்ரனார்ஃபின் மட்டும். அந்த மூன்று இரவுகளும் எனக்குக் கடினமாகத்தான் கழிந்தன. முக்கும் பிராணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பெரும் பாடு. முதல் நாள் இரவு, வீட்டில் இருந்த காய்ச்சல் மாத்திரையில் ஒரு துணுக்குக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம்கூட வந்தது. நல்லவேளையாகத் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். பாரசிட்டமால் மிகச் சிறிய அளவிலேயே பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்து உயிரைப் பறித்துவிடும். வீட்டில் பூனை வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. கிருமி ஈ.கோலை. பூனைகளின் சிறுநீர்த் தொற்றில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான், குடலிலிருந்து வருவது. அறிக்கையில் அமாக்சிசிலினுக்கு நேராக ‘எதிர்ப்பு’ என்றும், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு நேராக ‘கட்டுப்படும்’ என்றும் இருந்தது. மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்றை அந்தக் கிருமி சுரக்கிறது, கிளாவுலனேட் அந்த நொதியை முடக்கிவிடுகிறது என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. கல்ச்சர் இல்லாமல் வெறும் அமாக்சிசிலினில் தொடங்கியிருந்தால் ஒரு வாரத்தை வீணாக்கியிருப்போம். அறிக்கையில் வேறு சில மருந்துகளும் கட்டுப்படுத்தும் என்றே இருந்தன. என்ரோஃப்ளாக்சசினும் அவற்றுள் ஒன்று. அளவு மிஞ்சினால் பூனையின் விழித்திரையைப் பாதிக்கக்கூடிய மருந்து அது என்பதால், எளிய மருந்தே வேலை செய்யும்போது அதைத் தொட வேண்டாம் என்று மருத்துவர் ஒதுக்கிவிட்டார்.

எத்தனை நாள் கொடுப்பது என்பதிலும் எனக்கு இருந்த எண்ணம் தவறு. நீண்ட நாள் கொடுத்தால்தான் கிருமி முழுதாய்ப் போகும் என்று நினைத்திருந்தேன். துணை விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எப்போதாவது வரும் சாதாரணத் தொற்றுக்கு 3 முதல் 5 நாட்களே போதும் என்கிறது. சின்னிக்குத் திரும்பி வந்திருந்ததாலும் முந்தைய கிருமி தெரியாததாலும் மருத்துவர் 7 நாட்கள் என்று முடிவு செய்தார். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 1 மில்லி திரவ மருந்து. இந்த அளவு அவளுடைய எடைக்கும், அந்தப் புட்டியின் வீரியத்துக்கும் கணக்கிட்டது. வேறு பூனைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் வேளையில் மருந்தை உணவில் கலந்தேன். ஒரு நக்கு நக்கிவிட்டுத் தட்டை விட்டு நகர்ந்தவள், அன்று இரவு வரை அந்த உணவையே தொடவில்லை. முதிய பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து இருக்கிறது. எனவே உணவையும் மருந்தையும் பிரித்துவிட்டேன். பிறகு கைவந்த முறை இது: முதலில் கொஞ்சம் சாப்பிட விடுவேன், வயிறு வெறுமையாக இருந்தால் வாந்தி எடுப்பாள். பின்பு துவாலையில் முன்னங்கால்கள் இரண்டும் உள்ளடங்கச் சுற்றி, என் மடியில் எனக்கு முதுகு காட்டி உட்கார வைப்பேன். குலுக்கிய புட்டியிலிருந்து எடுத்த மருந்தைச் சிரிஞ்சில் வைத்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் நுனியை நுழைத்து, கால் மில்லி விட்டு, அவள் விழுங்கும் ஓசை கேட்ட பிறகே அடுத்த கால் மில்லி. தலையை அண்ணாந்து பிடித்து ஒரேயடியாக அழுத்தினால் மூச்சுக்குழாயில் போய்விடும். இரண்டாம் நாள் வாயெல்லாம் நுரை தள்ளியபோது மிகவும் பயந்துவிட்டேன்; கசப்புக்கு ஊறிய எச்சில்தான், ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. கலந்த மருந்துப் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து, 10 நாட்களில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது.

இரண்டாம் நாள் இரவு முக்குவது குறைந்தது. மூன்றாம் நாள் காலை பெட்டியில், எலுமிச்சை அளவில், சிறுநீர் பட்டு ஒரே கட்டியாக உறைந்த மணல் கிடந்தது. அதுவரை பட்டாணி பட்டாணியாகவே வந்துகொண்டிருந்ததால், அதைக் கரண்டியில் ஏந்தி வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நான்காம் நாள் மலம் சற்று இளகியது, தானே சரியானது. ஏழு நாளும் 14 வேளையும் ஒன்றும் தவறாமல் முடித்தோம்.

மருந்து நிறுத்திய ஏழாம் நாள் மீண்டும் ஊசி வழியே சிறுநீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினோம். கிருமி வளரவில்லை. அடர்த்தி மட்டும் அதே 1.018. அதற்கு ஆன்டிபயாட்டிக்கில் மருந்து இல்லை. சிறுநீரகத்துக்கான உணவு, ஈரமான உணவு, லிட்டர் பெட்டிக்கு எட்டவே இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர்க் கிண்ணங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை என்று அது தனியாகத் தொடர்கிறது. அறிகுறி ஏதும் இல்லாமல் இனி ஒரு பரிசோதனையில் பாக்டீரியா தெரிந்தால், அதற்காக மட்டும் மருந்து கொடுக்கப் போவதில்லை என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். தொல்லை தராத கிருமியை மருந்தால் சீண்டினால், மருந்துக்கு அடங்காத கிருமி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து; எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இப்போது லிட்டர் பெட்டியின் அருகே ஒரு குறிப்பேடு தொங்குகிறது. தினமும் காலையிலும் இரவிலும் சுத்தம் செய்யும்போது எத்தனை கட்டி, என்ன அளவு என்று எழுதி வைக்கிறேன். இன்று காலை இரண்டு, இரண்டும் பெரியவை.