எக்ஸ்சேஞ்ச் அலமாரி

ஒரு வீடியோ கேமுக்கு யார் எத்தனை மார்க் போட்டிருந்தாலும், அது எக்ஸ்சேஞ்ச் அலமாரிக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். மன்னார்குடி பந்தலடிப் பக்கம் ஒரு கேம் கடையில் சில வருடங்கள் வேலை பார்த்ததில் வந்த பழக்கம் இது. முன்பக்கம் டிஸ்க் விற்பனையும், ஆடிய டிஸ்க்கைக் கொடுத்து வேறு வாங்கிப் போகும் எக்ஸ்சேஞ்சும். பின்பக்கம் திரை போட்டு நாலைந்து டிவி, மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடுகிறவர்களுக்கு. ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது என்று வரும் கன்ட்ரோலரைப் பிரித்துச் சரி செய்வதும் என் வேலைதான்.

கடை வியாபாரம் ஊரின் போக்கில்தான் போகும். சம்பா அறுத்து நெல் பணம் கைக்கு வந்தால் டிஸ்க் நகரும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்து ஆட்கள் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவில் வந்தால் பிஎஸ்4, பிஎஸ்5 என்ற சோனி பிளேஸ்டேஷன் பெட்டிகள் வந்து இறங்கும். மாமா பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு டிஸ்க்கோடு விமானம் ஏறிவிடுவார். அடுத்த டிஸ்க்குக்கு மருமகன் எங்களிடம் வருவான், கையில் போனோடு. போனில் ஒரு எண் இருக்கும். "அண்ணே, இதுக்கு 97 போட்ருக்கான்ணே."

97 என்றால் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. 2018இல் வந்தது. அதைப் பழித்துப் பேச எனக்கு மனசு வராது, அவ்வளவு உழைப்பு. ஆனால் எங்கள் அலமாரிக்கு அதுபோல் அடிக்கடி திரும்பி வந்த டிஸ்க் கொஞ்சம்தான். பனிமலையில் குதிரை மெதுவாக நடக்கும் முதல் அத்தியாயத்தைத் தாண்டாமலேயே பையன்கள் கொண்டு வந்துவிடுவார்கள். அதைச் செய்த அதே ராக்ஸ்டார் நிறுவனத்தின் ஜிடிஏ 5, அதுவும் விமர்சன மார்க்குகளைத் திரட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 97தான். 2013இல் வெளிவந்த அந்த விளையாட்டை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரே கம்பெனி, ஒரே மார்க். அலமாரியில் மட்டும் நடத்தை வேறு.

எல்டன் ரிங் 96. அதுவும் திரும்பத் திரும்ப வந்தது, "முடியலண்ணே, செத்துக்கிட்டே இருக்கேன்" என்ற புகாரோடு. அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டவர்களில் ஒருவர் அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். தை, மாசியில் ராத்திரி பகல் பாராமல் பெல்ட் வண்டியில் இருப்பார். அறுப்பு ஓய்ந்தால் வீட்டில் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார். "செத்தா என்ன, மறுபடி அங்கேருந்துதானே ஆரம்பிக்கப் போறோம். வயல்ல வண்டி சிக்குனா எடுக்க எவ்ளோ நேரமாவுது?" என்றார். அந்தக் கேமுக்கு நான் கேட்ட விமர்சனங்களிலேயே எனக்குப் பிடித்தது அது.

கால்பந்து டிஸ்க் கதை தனி. 2023 செப்டம்பரில் ஃபிஃபா என்ற பெயர் போய் ஈஏ எஃப்சி என்று வந்தது. மற்றபடி வருடா வருடம் அதே திருவிழாதான். விமர்சகர்கள் ஏறக்குறைய ஒரே மார்க்கைத்தான் போடுவார்கள். புதுசு வந்த வாரம் பழசின் எக்ஸ்சேஞ்ச் விலை பாதாளத்துக்குப் போகும் என்பதை எந்த விமர்சனமும் எழுதாது. காசு போட்டு வாங்குகிறவனுக்கு அதைவிட முக்கியமான செய்தி வேறென்ன இருக்கிறது?

மார்க் எப்படி வருகிறது என்று முதலில் எனக்குத் தெரியாது. முதலாளி அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். மெட்டாக்ரிட்டிக் 2001இலிருந்து இருக்கிறது. பத்திரிகைகளும் தளங்களும் போடும் மதிப்பெண்களை எல்லாம் நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கிறார்கள். சில இடங்களின் மதிப்பெண்ணுக்கு எடை கூடுதல். எதற்கு எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. கேம்களுக்கு 75இலிருந்து பச்சை, 50க்குக் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள். பையன்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். 74க்கும் 75க்கும் நடுவில் ஏதோ வாய்க்கால் ஓடுகிற மாதிரி.

அந்த ஒரு மார்க் வாங்குகிறவனை மட்டும் படுத்துவதில்லை. 2010இல் ஃபால்அவுட் நியூ வேகஸ் செய்த அப்சிடியன் ஸ்டுடியோவுக்கு, மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. போனஸ் இல்லை. அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவெல்லோனே பிறகு இதைப் பொதுவில் சொன்னார்.

முதலாளி அண்ணன் பத்தாவதோடு படிப்பை விட்டவர், ஆனால் ஒரு விமர்சனத்தைப் பிரித்துப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்த சமயம். புரெவி புயல் மழையில் சம்பா முங்கிக் கிடந்த வாரம் அது, வியாபாரமும் டல். ஆனாலும் அந்த டிஸ்க்குக்கு மட்டும் கேட்டுக் கேட்டு போன் வந்துகொண்டிருந்தது. வெளியீட்டுக்கு முன்பே வந்த விமர்சனங்கள் எல்லாம் பச்சை. மொத்தமாக ஆர்டர் போட்டுவிடலாம் என்றேன். அண்ணன் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகக் கீழே வரை தள்ளிப் பார்த்தார். டீ ஆறிப்போகிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"தம்பி, எல்லாரும் கம்ப்யூட்டர்லயே ஆடிப் பாத்துருக்கான். நம்ம ஊர்ல இருக்குறது பிஎஸ்4. அதுல ஒருத்தன்கூட ஆடுனதா எழுதலையே. ஏன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மை என்னவென்றால், முன்கூட்டி விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும்தான். அவர்கள் தாங்களே எடுத்த காட்சிகளைப் போடவும் அனுமதி இல்லை. கம்பெனி கொடுத்த வீடியோவைத்தான் போட வேண்டும். கேம் வெளிவந்த பிறகுதான் பழைய பிஎஸ்4இல் அது திணறுவதை ஜனங்கள் பார்த்தார்கள். ஒரு வாரத்திலேயே சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. மறுபடி வைத்தது 2021 ஜூனில். கம்ப்யூட்டர் பதிப்பு எண்பதுகளின் நடுவில் நிற்க, பிஎஸ்4 பதிப்பு ஐம்பதுகளில் போய் விழுந்தது. அண்ணன் ஆர்டரே போடவில்லை. 2023இல் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அதே கேமை பிஎஸ்5இல் ஆடிய ஒருவர் இறங்கி வந்து பாராட்டினார். அதுவும் சரிதான். அவர் ஆடியது வேறு கேம் என்றே சொல்லலாம்.

அன்றிலிருந்து நான் மார்க்கை விட்டுவிட்டு, கடைசிப் பத்திகளைப் படிக்க ஆரம்பித்தேன். விமர்சகர் குறைகளைப் போடுகிற இடம் அதுதான். பாராட்டு எல்லாக் கேமுக்கும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில்தான் இருக்கும். குறைதான் ஆளுக்கு ஆள் மாறும், அதுதான் உபயோகம்.

"ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது" என்பார்கள். பின்பக்கம் மணிக்கணக்கில் ஆடுகிற பையனுக்கு அது குறையே இல்லை, சௌகரியம். ஸ்கூல் விட்டு வந்தவன் நேற்று விட்ட இடத்தை யோசிக்க வேண்டியதில்லை. "கதையில் ஆழம் இல்லை" என்பார்கள். எங்கள் ஆட்கள் பேச்சு வந்தாலே பட்டனை அமுக்கித் தள்ளுகிறவர்கள். "ஒரே திரையில் இரண்டு பேர் ஆட முடியாது" என்பது ஏதோ ஒரு ஓரத்தில் அரை வரியாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கடைக்கு அதுதான் உயிர். 2021இல் வந்த இட் டேக்ஸ் டூ இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாத கேம். அந்த வருடத்தின் சிறந்த கேம் என்று தி கேம் அவார்ட்ஸில் பரிசும் வாங்கியது. பரிசு கிடக்கட்டும், ஒரே பெட்டிக்குச் சண்டை போட்ட அக்காவும் தம்பியும் சேர்ந்து வந்து கேட்டு வாங்கிப் போன ஒரே டிஸ்க் எனக்குத் தெரிந்து அதுதான்.

அப்புறம் நெட். "எப்போதும் இணைய இணைப்பு தேவை" என்ற ஒரு வரியை வெளிநாட்டு விமர்சகர் தகவலாக எழுதிவிட்டுப் போவார். கோட்டூர், திருமக்கோட்டைப் பக்கம் காற்றடித்தால் லைன் போய்விடும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது இந்தப் பக்கம் வாரக்கணக்கில் கரன்டே இல்லை. அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது கிராஃபிக்ஸைப் பற்றி இல்லை. "நெட் இல்லாம ஓடுமா? இன்வெர்ட்டர்ல தாங்குமா?"

இதையெல்லாம் பார்த்து அண்ணன் ஒவ்வொரு டிஸ்க் உறை மீதும் ஒரு சின்னச் சீட்டு ஒட்ட ஆரம்பித்தார். மார்க்கர் பேனாவில் என் கையெழுத்து. "நெட் வேண்டாம். ரெண்டு பேர். இங்கிலீஷ் கம்மி." அல்லது, "ஒரு ஆள். நிறைய படிக்கணும். பொறுமை வேணும்." மார்க் எதுவும் கிடையாது. சீட்டைப் படித்துவிட்டு வாங்கியவை அலமாரிக்குத் திரும்புவது குறைந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. கணக்கு எழுதி வைக்கவில்லை.

மார்க் விஷயத்தில் பெற்றோர்கள் வேறு ரகம். ஒரு அப்பா பையனோடு வந்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் சிவப்புக் கட்டத்துக்குள் 18 என்று இருந்தது, ஐரோப்பாவில் போடுகிற வயதுக் குறி. "ஏன் தம்பி, நூத்துக்குப் பதினெட்டு வாங்குனதையா இவன் வேணுங்குறான்?" என்றார். பையன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். பதினெட்டு வயசுக்கு மேல்தான் ஆட வேண்டும் என்று அர்த்தம் என்றேன். அவர் பையனைப் பார்த்தார். அவன் எட்டாம் வகுப்பு. கிரிக்கெட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

கிரிக்கெட் என்றதும் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் அதிகம் ஆடப்பட்ட கேம் எந்தப் புதுப் பட்டியலிலும் இல்லாதது. 2006இல் வந்த ஈஏ கிரிக்கெட் 07. அதோடு அந்தக் கம்பெனி கிரிக்கெட்டையே விட்டுவிட்டது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. இந்த வருட ஐபிஎல் சட்டை, புது ஆட்டக்காரர்கள் என்று பேட்ச் செய்து பென்டிரைவில் சுற்ற விடுகிறார்கள். பின்பக்கத்துப் பழைய கம்ப்யூட்டரில் அது ஓடாத சாயங்காலம் கிடையாது. அதற்கு இன்று யாரும் விமர்சனம் எழுதப் போவதில்லை.

வெண்பா என்ற கேமைப் பற்றி விமர்சனங்களில் படித்த குறை, "ரொம்பச் சின்னது." 2023 ஜூலையில் வந்தது, டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின், நடுவில் சமையல். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மார்க் 80ஐ ஒட்டி. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் பரிசு வாங்கியது.

முதல் அத்தியாயத்தில் இட்லி செய்ய வேண்டும். கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் ஆடிக்கொண்டிருந்தபோது அண்ணனின் அம்மா மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னடா இது, நேருக்கு நேரா அடுக்குனா கீழ இருக்கற இட்லி நசுங்கிப் போவாது? தட்டைத் திருப்பி வைடா" என்றார். திருப்பி வைத்தேன். சரியாகிவிட்டது. "இதெல்லாமா வெளயாட்டு?" என்று கேட்டார், ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கவின் அம்மாவுக்கு இங்கிலீஷில் பதில் சொல்லும் இடம் வந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில். கேரியரைத் திறக்காமலேயே கேம் முடிகிற வரை உட்கார்ந்திருந்தார். சின்னது என்ற குறையை அவர் சொல்லவில்லை.

ரசிகர்கள் போடும் மார்க்கை அண்ணன் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். 2020இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்த அன்றே, முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேமுக்கு, சில மணி நேரத்தில் பூஜ்யமாகக் குவிந்தது. அதன் பிறகுதான் மெட்டாக்ரிட்டிக் முதல் 36 மணி நேரத்துக்கு ரசிகர் விமர்சனத்தை நிறுத்தி வைத்தது. எனக்கு அண்ணனோடு இதில் முழுச் சம்மதம் இல்லை. 2024 மேயில் ஹெல்டைவர்ஸ் 2 ஆடுகிறவர்கள் சோனியின் ஆன்லைன் கணக்கான பிஎஸ்என்னைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்றபோது, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்ப்பு விமர்சனம் குவிந்து, சோனி பின்வாங்கியது. காசு கொடுத்தவர்களுக்குக் கத்த வேறு இடமும் இல்லை. 2025இல் ஸ்டீம் மொழிவாரியாக மதிப்பீட்டைப் பிரித்துக் காட்ட ஆரம்பித்தது. சில்க்சாங் என்ற கேம் வந்தபோது உலகமே கொண்டாட, சீன மொழியில் ஆடியவர்கள் மொழிபெயர்ப்பு சரியில்லை என்று மார்க்கைக் குறைத்தார்கள். ஒரே கேம், மொழிக்கு ஒரு மதிப்பீடு. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. இருந்தால் எங்கள் பையன்கள் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பார்ப்பேன். "எழுத்து ரொம்பப் பொடிசு" என்பது முதல் வரியாக இருக்கும்.

இப்போது நான் திருவாரூரில் வேறு வேலையில் இருக்கிறேன். கடைப் பையன்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். போன வருடம் ஒருவன் கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 படத்தை அனுப்பி, 92 போட்டிருக்கிறார்கள், வாங்கலாமா என்றான். பிரான்ஸில் ஒரு சின்னக் குழு செய்தது, சண்டை மாறி மாறி முறை வைத்து நடக்கும், ஆனால் அடி வரும் நொடியில் பட்டனை அமுக்கித் தடுக்கவும் வேண்டும், பேச்சு நிறைய என்று எழுதினேன்.

"எல்லாம் இங்கிலீஷ்லயாண்ணே?"

"ஆமா. படிக்காமத் தள்ளுனா பாதி போயிடும்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "தங்கச்சி காலேஜ்ல இங்கிலீஷ் லிட்ரேச்சர்ண்ணே. நான் அடிக்கிறேன், அவ படிச்சுச் சொல்றேங்குறா. பாதிக் காசு அவளே தர்றாளாம்."

வாங்கு என்றேன்.