கூறைநாட்டுக் கட்டம்
கல்யாணக் கூறை என்றாலே இப்போது பலருக்கும் காஞ்சிபுரம் பட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் எங்கள் காவிரிக்கரையில் அதற்குப் பேர்போனது மயிலாடுதுறையில் இருக்கும் கூறைநாடு, பேச்சு வழக்கில் கொரநாடு. அங்கே நெய்தது முழுப் பட்டு கிடையாது, பட்டும் பருத்தியும் கலந்த புடவை, உடல் முழுக்கக் கட்டம். எங்கள் அம்மாச்சியின் கூறையை வெயிலில் விரித்துப் பார்த்தால், அரக்கு நூலும் மஞ்சள் நூலும் குறுக்கிடும் இடத்தில் காவி மாதிரி மூன்றாவதாக ஒரு நிறம் தெரியும், அதை யாரும் சாயத்தில் முக்கி எடுக்கவில்லை, நெடுக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் சேர்ந்து உண்டாக்கியது. விரலால் தடவினால் பட்டு வழுக்கும், பருத்தி லேசாகச் சொரசொரக்கும். அந்தப் பருத்தி இருந்ததால்தான் ஆவணிப் புழுக்கத்தில், ஹோமப் புகைக்கு நடுவே, பெண்ணால் நிம்மதியாக உட்கார முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கோடாலிக் கருப்பூர். தஞ்சை மராத்திய அரண்மனைக்காக மெல்லிய பருத்தியில் சரிகை சேர்த்து நெய்து, அதன்மேல் மெழுகால் கையாலேயே வரைந்து சாயம் தோய்த்தார்கள், எவ்வளவு பொறுமை வேண்டும்! 1855இல் அரசு போனது, வாங்க ஆளில்லாமல் அந்தப் புடவையும் போய்விட்டது, இன்று அருங்காட்சியகத்தில்தான் பார்க்கலாம். துணியில் கையால் வரைந்து சாயமிடும் கருப்பூர் கலம்காரி மட்டும், கோயிலில் தொங்கவிடும் உருளை வடிவத் துணிகளான தொம்பைகளில் பிழைத்திருக்கிறது, 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறவர்கள் கடையில் கூறைநாட்டுக் கட்டம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.