போர்ன்விட்டா டப்பாவில் ஒரு சீட்டு

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் படித்தவர்களுக்கு அந்தப் போர்ன்விட்டா டப்பாவை நான் விளக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை முதல் பீரியட், தமிழ் மிஸ், குலுக்கல். சீட்டில் யார் பெயரோ அவருக்காக வெள்ளி வரை வேண்டிக்கொள்ள வேண்டும். தன் பெயரே வந்தால் மடித்து உள்ளே போட்டுவிட வேண்டும். "உனக்கு நீயே கேட்டுக்க டப்பா எதுக்குடா?" என்பார் மிஸ்.

மாதாவிடமோ மாரியம்மனிடமோ அல்லாவிடமோ, யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். பெங்களூர் சிவாஜிநகரில் செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்திப் போகிறவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை என்பது தண்டுக்காரர்களுக்கு, அதாவது கன்டோன்மென்ட் பக்கத்துக்காரர்களுக்கு, தெரியும். மிஸ்ஸுக்குச் சாமியைப் பற்றிக் கவலை இல்லை, பெயரைப் பற்றித்தான்.

பைபிளில் வரும் யோபுவின் கதையை அவர்தான் சொன்னார். பிள்ளைகளும் சொத்தும் போய், உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கிறான். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் மூன்று பேரும் 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்' என்று குத்துகிறார்கள். கடைசியில் அந்த நண்பர்களுக்காக அவன் வேண்டிய பிறகுதான் இழந்தது இரண்டு மடங்காகத் திரும்புகிறது. என் காதில் விழுந்தது 'இரண்டு மடங்கு' மட்டும்தான். கணக்கில் எனக்கு அப்போது 38.

அந்த வாரம் என் சீட்டில் வந்தவன் கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற பையன். என் காம்பஸை வாங்கி முனையை உடைத்துத் தந்தவன் வேறு. வெள்ளிக்கிழமை மிஸ் என்னை எழுப்பினார்.

"வேண்டிக்கிட்டியா?"

"வேண்டிக்கிட்டேன் மிஸ்."

"என்ன வேண்டினே?"

"நல்லா இருக்கணும்னு."

"ஏன், அவனுக்கு என்ன குறை?"

நான் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு சிரித்தது. (சிரித்தவர்களில் மூன்று பேர் இந்த மலரின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார்கள். மன்னித்தாயிற்று.) பையைத் தூக்கிக்கொண்டு போய் அன்று முழுக்க அவன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மதியம் அவனிடம் டிபன் டப்பா இல்லை. என் தயிர்சாதத்தில் பாதியைத் தின்றுகொண்டே சொன்னான். அப்பா கால் உடைந்து படுத்திருக்கிறார். அவருக்குப் பதில் இவன் விடியற்காலை நாலு மணிக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய்க் கூடை தூக்குகிறான். மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு ஆறு மாதமாக இது தெரியாது.

கடைசி பீரியடில் எழுந்து சொல்லப்போனேன். "சத்தமா வேணாம். இங்க வா" என்று மிஸ் காதைக் கொடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து அவர் ஏன் இரண்டு டிபன் கொண்டுவந்தார் என்று யாருக்கும் தெரியாது. இப்போது தெரியட்டும்.

அப்புறம் அந்த 1991 டிசம்பர். காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த மறுநாள் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் ஊர் எரிந்தது. பள்ளி திறந்தபோது சில பெஞ்சுகள் காலி. அவன் வீட்டார் தர்மபுரிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். மிஸ் அவன் சீட்டை டப்பாவிலிருந்து எடுக்கவில்லை. "எங்க இருக்கான்னே தெரியலையே, என்ன கேக்கறது?" என்றேன். "தலைக்கு மேல கூரை இருக்கணும்னு கேளு. அடுத்த ஜூன்ல குடகுல நல்ல மழை பெய்யணும்னு கேளு, ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து."

நான் 2004இல் மெல்பர்ன் வந்தேன். போகிறேன் என்று சொல்லக்கூட மிஸ் வீட்டுக்குப் போகவில்லை. விசா அலைச்சல் என்று அப்போது ஒரு காரணம் வைத்திருந்தேன். போன வருடம் நம் வாட்ஸாப் குழுவில், "மிஸ் ஆஸ்பத்திரியில், வேண்டிக்கொள்ளுங்கள்" என்று செய்தி வந்தது. சூப்பர் மார்க்கெட் வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தேன். கூப்பிய கை ஒன்றைப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போனேன். எனக்கு முன்பே நாற்பது ஐம்பது கைகள் இருந்தன. பதினைந்து நாளில் மிஸ் போய்விட்டார்.

ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது, மிஸ்ஸைப் பார்த்துக்கொண்ட அவருடைய அக்கா மகளைச் சந்தித்தேன். மிஸ்ஸுக்குக் கடைசியில் கண் தெரியவில்லையாம். யாராவது போனில் பேசினால் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாராம்.

"குரூப்ல வந்ததையெல்லாம் நான்தான் படிச்சுக் காட்டினேன் சார். உங்க பேரையும் படிச்சேன். 'அவன் என்ன வேண்டினான்?'னு கேட்டாங்க. 'கை மட்டும் கூப்பியிருக்கார் சித்தி'ன்னேன். சிரிச்சாங்க."