சனிக்கிழமை காலை கூட்டம்: மதுரையில புது டிஸ்ட்ரிபியூட்டர் பசங்களோட

மியூச்சுவல் ஃபண்ட் வித்துக் குடுக்கற புது டிஸ்ட்ரிபியூட்டர் பசங்கள ஃபீல்டு சீனியர்களோட ஜோடி சேத்து சனிக்கிழமை காலைல கூட்டம் நடத்துறோம். அத எப்படி ஆரம்பிச்சீங்க, எப்படி ஓடுதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

மியூச்சுவல் ஃபண்ட் லைன்ல உள்ள வர்றது கஷ்டமே இல்ல. இந்தத் தொழிலுக்கான என்ஐஎஸ்எம் பரீட்சை 100 கேள்வி, 50 மார்க் எடுத்தா பாஸ், ஃபண்ட் கம்பெனிங்களோட சங்கமான ஆம்ஃபில ஏஆர்என்ங்கற பதிவு நம்பர் வாங்கிட்டா கடை தொறந்தாச்சு. மாமா, சித்தப்பா, காலேஜ் ஃப்ரெண்டுன்னு சுத்தி இருக்கறவங்ககிட்ட எஸ்ஐபி (மாசாமாசம் போடற முதலீடு) வாங்குற வரைக்கும் ஜாலியா போகும், அது முடிஞ்சதும் அடுத்து யார்கிட்ட போறதுன்னே தெரியாது, கேக்கவும் ஆள் இருக்காது. நம்மள பாத்துக்கற ஃபண்ட் கம்பெனி ஆள், ஆர்எம்க்கு போன் போட்டா இந்த மாசம் வந்திருக்கற புது ஃபண்ட் (என்எஃப்ஓ) பத்தி மட்டும்தான் பேசுவாரு.

அதனால முதல் கூட்டத்துலயே போர்டுல கணக்கு போட்டுக் காட்டிருவோம். 2018 அக்டோபர்ல, மார்க்கெட்ட கண்காணிக்கற செபி, முதலீடு வந்ததும் மொத்தமா கிடைக்கற அப்ஃப்ரன்ட் கமிஷனுக்கு கதவ சாத்துனதுக்கப்புறம் பொழப்பு டிரெயில்லதான், அதாவது பணம் ஃபண்ட்ல இருக்கற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வர்ற கமிஷன். க்ளையன்ட்ஸ் நம்ம மூலமா போட்ட பணம், அதாவது புக், ஒரு கோடி ரூபா இருக்கு, டிரெயில் 0.8 சதவீதம்னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு 80,000. மாசத்துக்கு ஏழாயிரம் கூட இல்ல. வீட்டுக்கு மாசம் 40,000 எடுத்துட்டுப் போகணும்னா ஆறு கோடி புக் வேணும், அதுல ஆபீஸ் செலவு பெட்ரோல் எல்லாம் தனி. இதப் பாத்துட்டு அடுத்த கூட்டத்துக்கு வராதவங்க இருக்காங்க, அவங்க வீட்டுக்கு அது நல்லதுதான்.

பசங்கள சேக்குறது ஈஸி, சீனியர்களக் கூட்டிட்டு வர்றதுதான் பெரும்பாடு. இருபது வருஷம் ஃபீல்டுல இருக்கற அண்ணன் எதுக்கு சனிக்கிழமை காலைல வந்து தொழில் ரகசியத்த சொல்லணும்? நேராவே கேட்டாரு ஒருத்தர், "ஏம்பா, என் க்ளையன்ட்ட தூக்கிட்டுப் போறதுக்கு நானே வழி காட்டணுமா"ன்னு. நியாயமான கேள்விதானே. அதுக்காகவே ரெண்டு விஷயம் முடிவு பண்ணோம். கூட்டத்துல க்ளையன்ட் பேர் வாயில வரக்கூடாது, "ஒரு ரிட்டயர்டு வாத்தியார்", "ஒரு பாத்திரக்கடைக்காரர்" அவ்வளவுதான். ஜோடி சேக்கும்போது ஏரியா மோதாம சேக்கணும், திருமங்கலம் பையனுக்கு அண்ணா நகர் சீனியர், மேலூர் பொண்ணுக்கு வில்லாபுரத்து அக்கான்னு.

அதுக்கு மேலயும் சீனியருக்கு கைல ஏதாச்சும் கிடைக்கணும், சேவை சேவைன்னு கூப்பிட்டா ரெண்டு தடவ வருவாங்க, மூணாவது தடவ கல்யாண வீடுன்னு சொல்லிருவாங்க. நிறைய சீனியர்ஸ் இன்னும் பேப்பர் ஃபார்ம் தூக்கிட்டு ஃபண்டுகளோட கணக்கு வழக்கு பாக்குற கேம்ஸ் ஆபீஸுக்கும் கேஃபின்டெக் ஆபீஸுக்கும் அலையுறவங்க, பேங்க்லருந்து பணம் தானா எடுக்கறதுக்கு ஆன்லைன்ல மேண்டேட் போடறது, கேஒய்சி ஹோல்டுல நின்னா எங்க போய் பாக்கறது, இதெல்லாம் பசங்களுக்கு அத்துப்படி. பையன் இதச் சொல்லித் தரணும், அண்ணன் ஆள எப்படி ஹேண்டில் பண்றதுன்னு சொல்லித் தரணும். இந்தக் கொடுக்கல் வாங்கல் செட்டானதுக்கு அப்புறம் நான் யாருக்கும் போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டிய வேலையே இல்ல.

கூட்டத்துல லெக்சர் கிடையாது, ரோல் ப்ளேதான். சீனியர் க்ளையன்டா உக்காருவாரு. ஒரு தடவ ஒரு அண்ணன் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரா உக்காந்தாரு, கைல 30 லட்சம் பணப்பலன் வந்திருக்கு. பையன் லேப்டாப்ப தொறந்து கடகடன்னு ஸ்லைடு ஓட்டுனான், அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு "சரி தம்பி, வருஷத்துக்கு எவ்வளவு வரும்"னாரு. "12 பர்சன்ட் வரும் சார்." அண்ணன் சட்டைப்பைலருந்து பேனாவ எடுத்து நீட்டுனாரு, "இந்தா, எழுதி கையெழுத்து போட்டுக் குடு". பையன் பேனாவயே பாத்துட்டு உக்காந்திருந்தான். அப்புறம் அதே அண்ணன் 2020 மார்ச் 23 கதைய எடுத்தாரு, ஒரே நாள்ல நிஃப்டி 13 சதவீதம் கிட்ட விழுந்தப்ப யார் யார் போன் பண்ணாங்க, என்ன திட்டுனாங்க, வித்துட்டுப் போனவங்க யாரு, எல்லாம். கொரோனாவுக்கப்புறம் தொழிலுக்கு வந்த பசங்க ஏறுற மார்க்கெட்டத்தான் அதிகம் பாத்திருக்காங்க, அவங்களுக்கு இது எந்த பாடப் புத்தகத்துலயும் வராது.

"ஆப்ல டைரக்ட் பிளான் இருக்கே, உன்கிட்ட ஏன் போடணும்"ங்கற கேள்விக்கும் ரோல் ப்ளே வச்சோம். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாம நேரா வாங்குற டைரக்ட் பிளான் 2013லருந்து இருக்கு, கமிஷன் இல்லாததால செலவு கம்மி, அத மறைச்சுப் பேசுனா மாட்டிக்குவீங்கன்னு சீனியர்ஸே சொன்னாங்க. இதுக்கு ரெடிமேட் பதில் இல்ல, வீட்டுக்காரர் இறந்தப்ப அந்தம்மா கூட உக்காந்து, முதலீட்ட அவங்க பேருக்கு மாத்துற டிரான்ஸ்மிஷன் ஃபார்ம் எழுதிக் குடுத்தவருக்கு அந்தக் கேள்வி வர்றதில்லன்னு வில்லாபுரத்து அக்கா சொன்னாங்க, எனக்கு அது சரின்னுதான் படுது.

இடையில ஒரு ஃபண்ட் கம்பெனி வந்து ஹோட்டல் ஹால், பஃபே எல்லாம் நாங்க பாத்துக்கறோம், எங்க பிரசன்டேஷன் அரை மணி நேரம் போதும்னாங்க. வேணாம்னுட்டோம். தலைக்கு 150 ரூபா, ஃப்ரெண்டோட டியூஷன் சென்டர்ல பெஞ்ச், பொங்கல் வடை காபி. காசு வாங்குறதுலயும் ஒரு வசதி இருக்கு, குடுத்தவன் வந்துருவான். கூட்டம் காலை ஏழரைக்கு, ஒன்பதரைக்கு முடிச்சிரணும், லீவு நாள்ங்கறதால க்ளையன்ட்ஸ் வீட்டுல இருப்பாங்க, அதுக்கப்புறம் அவங்களப் போய் பாக்கணும்.

பேர் வைக்கறதப் பத்தி ஒண்ணு. அட்வைசர்ஸ் கிளப்னு வைக்கலாம்னு பசங்க ஆசப்பட்டாங்க, 2020ல செபி கொண்டு வந்த ரூல்படி ஆலோசகரா பதிவு பண்ணாத டிஸ்ட்ரிபியூட்டர் ஐஎஃப்ஏ (இன்டிபென்டன்ட் ஃபைனான்ஷியல் அட்வைசர்), வெல்த் அட்வைசர்னு போட்டுக்கக் கூடாது, அதனால பேரே வைக்கல, சனிக்கிழமை கூட்டம்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். விசிட்டிங் கார்டுல அப்படிப் போட்டிருந்த பசங்களும் மாத்திட்டாங்க.

அடுத்த கூட்டம் டிரான்ஸ்மிஷன்தான். நாமினி இருக்கற கேஸ் ஒண்ணு, நாமினியே போடாத கேஸ் ஒண்ணு, ரெண்டுக்கும் ஃபார்ம ஃபில் பண்ணி எடுத்துட்டு வரணும். வெறுங்கையோட வந்தா பொங்கல் கிடையாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க.