மின் சைக்கிளில் ஏற்காடு

விலை குறைந்த எலக்ட்ரிக் மவுன்டைன் சைக்கிள் மலை ஏறுமா என்று கேட்டவர்களுக்கு: ஏறும், ஆனால் நீங்களும் மிதிக்க வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆளும் சைக்கிளுமாக 95 கிலோ என்றால், அந்த உயரத்துக்கே 310 வாட் மணி மின்சாரம் போய்விடும். என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி; மொத்தமே 360 வாட் மணி. மோட்டாரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால், த்ராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு மேலே போய்ச் சேர முடியாது.

மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில், ஹப்பில் இருக்கிறது. கியரைக் குறைத்தால் நம் காலுக்குத்தான் லாபம், அதற்கு இல்லை. கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்ததும் முனக ஆரம்பித்துவிடும். தொட்டால் ஹப் கொதிக்கிறது. பதிவு, லைசென்ஸ் வேண்டாம் என்றால் 250 வாட் மோட்டார்தான், என்ன செய்ய!

காபித் தோட்டத்து மண்பாதையில் வேறு தலைவலி. பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்து மோட்டாரை ஓட்டும் சென்சார் இது; எவ்வளவு அழுத்துகிறோம் என்று அதற்குத் தெரியாது. கல்லைத் தாண்ட மெல்ல அரைச் சுற்று மிதித்தால், ஒரு நொடி கழித்து மொத்த இழுப்பும் வந்து பின்சக்கரம் சரளையில் சறுக்கும். அசிஸ்டை, அதாவது மோட்டார் உதவும் அளவை, 1-ல் குறைத்து வைத்தால் சமாளிக்கலாம்.

இறக்கத்தில்தான் பயந்தேன். கேபிள் டிஸ்க் பிரேக், பாதி வழியிலேயே லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தி, கேபிளை இறுக்கிவிட்டு அப்புறம்தான் இறங்கினேன். வாங்குகிறவர்கள் முன்பக்க ஷாக்கைப் பார்த்து மயங்காமல் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காசு எடுத்து வையுங்கள்.