வெட்டப்படாத சிலிண்டரைத் தேடி: ஒரு வெப்லி மார்க் 6 வாங்கிய அனுபவம்

முதல் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவுகள் மெசபடோமியாவில் பணியாற்றிய வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்தக் காலத்து அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த வெப்லி ரிவால்வரின் மீது எனக்கு ஈடுபாடு வந்தது. பர்மிங்ஹாமில் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் தயாரித்த மார்க் 6 என்ற வகை 1915-இல் பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்டது. .455 அங்குலத் தோட்டா, ஆறு அங்குலக் குழல், ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர், கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்கும் மேலான எடை. சட்டகத்தின் இடது பக்கத்தில் உள்ள தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் அழுத்தினால் துப்பாக்கி நடுவில் மடிந்து திறக்கும், சுட்டு முடித்த ஆறு தோட்டாக் கூடுகளும் ஒரே நேரத்தில் மேலெழுந்து வெளியே விழும். அந்த இயக்கத்துக்காகவே ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்பினேன்.

நான் டெக்சாஸில் குடியுரிமை பெற்று வாழ்பவன். இங்குள்ள நம்மவர்களில் பலர் எச்-1பி விசாவில் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் சாராத தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில குறுகிய விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ தயாரானவை 'ஆன்டிக்' என்று 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே போய்விடுகின்றன. 1915-இல் பிறந்த மார்க் 6 அந்தச் சலுகைக்குள் வராது, அது முழுமையான துப்பாக்கியாகவே கருதப்படும்.

பக்கத்து மாநிலத்தில் ஒருவரிடமிருந்து கைத்துப்பாக்கி வாங்கினால், சாதாரணமாக அதை நாம் வசிக்கும் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற வியாபாரி ஒருவருக்கு அனுப்பச் செய்து, துப்பாக்கி வாங்குவோருக்கான கூட்டாட்சிப் படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்துத்தான் பெற வேண்டும். சேகரிப்பாளர்களுக்கென்று வேறொரு வழி இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டு, தன் மூல வடிவத்திலேயே இருக்கும் துப்பாக்கிகளை 'கியூரியோ அண்ட் ரெலிக்' (அரும்பொருள்) என்று, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். வகைப்படுத்துகிறது. அவற்றைச் சேகரிப்பவருக்கான உரிமத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர் கட்டணம். விண்ணப்பத்தின் பிரதியை உள்ளூர்க் காவல் தலைமை அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். இந்த உரிமம் இருந்தால் அந்த வகைத் துப்பாக்கியை வேற்று மாநிலத்தில் நேரடியாகவே வாங்கி எடுத்து வரலாம். நான் உரிமம் கைக்கு வந்த பிறகே ஓக்லஹோமாவின் துல்சா நகருக்குக் கிளம்பினேன். அங்கே ஏப்ரலிலும் நவம்பரிலும் நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சி பதினொரு ஏக்கர் பரப்பில், ஒரே கூரையின் கீழ், ஆயிரக்கணக்கான மேசைகளுடன் விரிந்து கிடக்கும்.

வெப்லியை அமெரிக்காவில் வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் சிலிண்டருக்கு நேர்ந்த கதியைத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உபரியான வெப்லிகள் இங்கே ஏராளமாக வந்து இறங்கின. ஆனால் .455 தோட்டா இங்கே அரிது, .45 ஏ.சி.பி. என்ற அமெரிக்கக் கைத்துப்பாக்கித் தோட்டாவோ எங்கும் கிடைப்பது. ஆகவே, மூன்று தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் அரைவட்டத் தகட்டுடன் .45 ஏ.சி.பி. பொருந்துவதற்காக, சிலிண்டரின் பின்முகத்தைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சீவிவிட்டார்கள். இன்று இங்கே கிடைப்பவற்றில் பெரும்பகுதி இப்படிச் சீவப்பட்டவையே. வரலாற்றுப் பொருள் என்ற வகையில் இது ஈடு செய்ய முடியாத இழப்பு. ஆபத்தும்கூட, ஏனென்றால் கடைகளில் விற்கும் முழு அழுத்த .45 ஏ.சி.பி. தோட்டாவைத் தாங்குவதற்காக இந்தத் துப்பாக்கி வடிவமைக்கப்படவில்லை.

முதல் மேசையில் பார்த்தது கண்ணைப் பறிக்கும் கருநீலப் பளபளப்புடன் இருந்தது. அருகில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பளபளப்பே அதைக் காட்டிக்கொடுத்தது. சட்டகத்தின் விளிம்புகள் நீரில் உருண்ட கூழாங்கல்லைப் போல மழுங்கியிருந்தன, திருகுகளைச் சுற்றியுள்ள துளைகள் குழிந்திருந்தன, முத்திரை எழுத்துகளின் ஓரங்கள் கரைந்துபோயிருந்தன. பழைய துருவை இயந்திரத்தில் தேய்த்து நீக்கிவிட்டு மறுபடி நிறமேற்றினால் இப்படித்தான் ஆகும். சிலிண்டரின் பின்புறத்துக்கும் அதற்கு எதிரேயுள்ள சட்டகச் சுவருக்கும் இடையே இருந்த அகன்ற இடைவெளியைப் பார்த்ததும் மேற்கொண்டு எதையும் கேட்கத் தோன்றவில்லை, நன்றி சொல்லி நகர்ந்தேன்.

மாலையில், பிரிட்டிஷ் ராணுவப் பொருள்களை மட்டுமே வைத்திருந்த முதியவர் ஒருவரின் மேசையில் இன்னொன்று கிடைத்தது. நிறம் பல இடங்களில் சாம்பலாக வெளுத்திருந்தது, ஆனால் ஒவ்வொரு விளிம்பும் கூர்மையாக இருந்தது. அனுமதி கேட்டதும் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டியை அவரே வெட்டி, திறந்து, ஆறு அறைகளும் காலி என்று காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார். நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன், இந்த இடத்தில் மரியாதைக்காக எதையும் விட்டுவிடக் கூடாது. சட்டகத்தில் 1917 என்ற ஆண்டு, அரசுடைமையைக் குறிக்கும் அம்பு முத்திரை, அதற்கருகே படையிலிருந்து கழித்து விற்கப்பட்டதைக் குறிக்கும் வகையில் முனைக்கு முனை நோக்கிய இரண்டு அம்புகள். சட்டகத்தில் இருந்த வரிசை எண்ணே சிலிண்டரிலும் இருந்தது.

பிறகு வெடிமருந்து இல்லாத போலி .45 ஏ.சி.பி. தோட்டாக்கள் மூன்றைப் பொருத்திய அரைவட்டத் தகட்டை எடுத்துச் சிலிண்டரில் வைத்து மூடிப் பார்த்தேன். மூடவில்லை; சீவிய சிலிண்டராக இருந்தால் மூடியிருக்கும். சிலிண்டர் சீவப்படவில்லை என்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்து இயக்கம். வெப்லியின் சுத்தியல் நுனியே தோட்டாவைத் தட்டும் ஊசியாக இருப்பதால், வெறும் அறையின் மீது அதை அடிக்க விடுவது நல்லதல்ல. சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே மெல்ல இழுத்து, மெல்ல இறக்கி, ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். விசை ஓய்வில் இருக்கும்போது வெப்லியின் சிலிண்டர் சற்று ஆடுவது இயல்பு, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விசையை முழுமையாக இழுத்துப் பிடித்திருக்கும் நிலையில்தான் அது அசையாமல் நிற்க வேண்டும். நின்றது. குழலைப் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தேன், கீலும் தாழ்ப்பாளும் தளரவில்லை. குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளியை, மெல்லிய தகடுகளைச் செருகி அளக்கும் தகட்டு அளவி 0.006 அங்குலம் என்று காட்டியது, ஆறு அறைகளிலும் ஏறக்குறைய அதே அளவுதான். சிறு விளக்கை குழலுக்குள் காட்டியபோது தோட்டாவைச் சுழலச் செய்யும் ஏழு வரிப்பள்ளங்களும் தெளிவாகத் தெரிந்தன. வாய்ப்பக்கத்தில் மட்டும் லேசான அரிப்பு இருந்தது, அந்தக் காலத் தோட்டாக்களின் தீமூட்டி விட்டுச்சென்ற உப்பின் வேலை அது. கைப்பிடியின் வல்கனைட் (கெட்டி ரப்பர்) தகடு ஒன்றில் திருகருகே மயிரிழை விரிசல் இருந்தது.

அவர் 1,250 டாலர் கேட்டார். அரிப்பையும் விரிசலையும் அவருக்கே காட்டி 1,100 சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, "இதைச் சீவிவிட மாட்டீர்கள் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த நிபந்தனையை அவர் வைத்ததற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டாயிற்று. உரிமத்தின் கையொப்பமிட்ட பிரதியைக் கொடுத்து, அவர் பெயர், முகவரியுடன் ரசீது பெற்றுக்கொண்டேன்.

வாங்கிய மறு வேலைநாள் முடிவதற்குள் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்பது விதி. தேதி, தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண், வகை, காலிபர், யாரிடமிருந்து வந்தது என்று எல்லாவற்றையும் மையால் எழுதினேன். துப்பாக்கியைத் தோலுறையில் வைக்கவில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வரவழைக்கும். எண்ணெய் தடவிய துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். பழைய வெப்லிகளில் கைதேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் பிரித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, இத்தாலியின் ஃபியோக்கி தயாரிக்கும் .455 தோட்டாக்களை மட்டும் கொஞ்சமாகச் சுட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன்.